பதினாறு வயதில் ராணுவக் கனவு: முதலில் மருத்துவர், கடைசியில் மைதானம்

தம்பி, உன் கேள்வியை மூன்று முறை படித்தேன். ஜூன் மாதத்தோடு 16 வயது முடிந்தது, பிளஸ் ஒன் படிக்கிறாய், உயரம் 167 சென்டிமீட்டர், 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடுகிறாய். பள்ளியை நிறுத்திவிட்டு அகாடமி ஒன்றில் தங்கி முழுநேரமும் தயாரானால் அக்னிவீர், அதாவது நான்கு ஆண்டுப் பணிக்கு ராணுவத்தில் சேரும் வீரன், ஆகிவிடலாமா என்று கேட்கிறாய். அப்பா வேண்டாம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். ஓட்டத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், நீ உண்மையில் கேட்டிருப்பது வேறு. படிப்பை விட்டால் சீக்கிரம் போய்ச் சேரலாமா என்பதுதான் உன் கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் காலாட்படையில் 22 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு கடந்த ஒன்பது ஆண்டுகளாக வேலூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கட்டணம் வாங்குவதில்லை. உடம்பைப் பழக்குவது எனக்குத் தெரிந்த வேலை. நான் மருத்துவன் அல்லன், ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் சார்பில் பேசுகிறவனும் அல்லன். நான் சொல்லும் எண்களை நீ விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்போடு ஒப்பிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உன்னை 'நீ' என்றே அழைக்கிறேன், மைதானத்தில் அப்படித்தான் பழக்கம். பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் வீரர்களை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் அவ்வளவு மரியாதை உண்டு.

முதலில் நாள்கணக்கைப் பார். அக்னிவீரர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் சேரக் குறைந்தபட்ச வயது பதினேழரை. கடந்த ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பதிவு தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதிக்குள் பதினேழரை நிரம்புகிறதா என்று பார்த்தார்கள். உனக்கு அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் பதினேழரை ஆகிறது. அப்படியென்றால் நீ முதன்முதலில் விண்ணப்பிக்க முடிகிற பருவம், நீ பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதும் அதே பருவம்தான். பள்ளியை இன்று நிறுத்தினாலும் ஒரு நாள்கூட முன்னால் போக முடியாது. இரண்டு ஆண்டுப் படிப்பு மட்டும் போய்விடும். மேல் வயது வரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறியிருக்கிறது. 2022இல் 21 என்று அறிவித்து, அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 23 ஆக்கினார்கள். எப்படிப் பார்த்தாலும் உனக்குப் பிளஸ் டூ முடித்த பிறகும் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் மிச்சம் இருக்கும்.

பிளஸ் டூவை நான் இப்படி வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பொதுப்பணி என்னும் ஜி.டி. பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் இருந்தால் போதும். ஆனால் தொழில்நுட்பப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதமும் கேட்கிறார்கள். எழுத்தர் பிரிவுக்குப் பிளஸ் டூவில் 60 சதவீதம். ஐ.டி.ஐ. போன்ற வேறு படிப்பும் இல்லாமல் பள்ளியை நிறுத்தியவனுக்கு இந்த இரண்டு கதவுகளும் அடைத்துவிடும், பெரும்பாலும் ஜி.டி.யையே நம்பி நிற்க வேண்டியிருக்கும். ஜி.டி.யில்தான் கூட்டமும் அதிகம்.

இப்போது தயாரிப்புக்கு வருகிறேன். எல்லாப் பையன்களும் ஓட்டத்தில் தொடங்குகிறார்கள். நான் என் மைதானத்துக்கு வருகிறவர்களை முதல் வாரம் ஓட விடுவதில்லை, மருத்துவரிடம் அனுப்புகிறேன். தேர்வு நடக்கும் வரிசை இப்போது இப்படி: முதலில் கணினியில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டமும் உடல்திறன் சோதனையும், பிறகு அளவெடுப்பு, சான்றிதழ் சரிபார்ப்பு, கடைசியில் மெடிக்கல். 2023க்கு முன்னால் ஓட்டம் முதலில் இருந்தது. உன் ஊர் அண்ணன்கள் பழைய வரிசையைச் சொல்லியிருக்கலாம், அதை மறந்துவிடு. நீ தயாராக வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். கடைசியில் வரும் மெடிக்கலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓட்டம் பயிற்சியில் வரும், மதிப்பெண் படிப்பில் வரும். நிறக்குருடு எந்தப் பயிற்சியிலும் மாறாது.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பையன் ஓர் அகாடமியில் பதினான்கு மாதம் தங்கிப் பயிற்சி எடுத்தான். அவனுடைய அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். அவன் 5 நிமிடம் 20 வினாடியில் ஓடினான், பீமில், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பதில், பத்தும் எடுத்தான். மெடிக்கலில் புள்ளிகளுக்குள் எழுதிய எண்ணைப் படிக்கச் சொன்னார்கள், அவனால் படிக்க முடியவில்லை. சிவப்பும் பச்சையும் தனக்குச் சரியாகப் பிரியவில்லை என்பதே அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. அந்தப் பதினான்கு மாதத்தில் அந்தச் சோதனை ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவன் அகாடமிக்குப் போவதற்கு முன்னால் என் மைதானத்திலும் இரண்டு மாதம் ஓடியவன். முதல் வாரம் மருத்துவர் என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தது.

ஆகவே இந்த மாதமே அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போ. கண் பிரிவில் பார்வையளவையும் நிறப்பார்வையையும் பார்க்கச் சொல். காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். காதில் குறும்பி அடைத்திருந்தால் அவர்களே எடுக்கட்டும், நீ குச்சி விடாதே. எலும்புப் பிரிவில் தட்டைப் பாதம், முட்டி தட்டுதல், முழங்கையின் கோணம் ஆகியவற்றைக் காட்டு. விரைவீக்கம், விரை நரம்புப் புடைப்பு, குடலிறக்கம் ஆகியவற்றை அறுவைப் பிரிவில் பார்ப்பார்கள். இதைச் சொல்லக் கூச்சப்படாதே. மெடிக்கலில் உடுப்பில்லாமல்தான் நிறுத்திச் சோதிப்பார்கள், அங்கே முதன்முதலாகத் தெரிவதைவிட இங்கே தெரிவது மேல். உள்ளங்கையில் அளவுக்கு மீறி வியர்ப்பது, சொத்தைப் பல், தோல் நோய் ஆகியவையும் கணக்கில் வரும். பச்சை குத்தியிருக்கிறாயா என்று நீ எழுதவில்லை. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர மற்ற இடங்களில் நிலையான பச்சை இருந்தால் ஏற்கமாட்டார்கள், பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. நண்பர்களோடு திருவிழாவுக்குப் போய்க் கழுத்தில் பெயர் குத்திக்கொண்டு வந்த பையனை எனக்குத் தெரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. பாதத்தை நனைத்துச் சிமென்ட் தரையில் வை. நடுவில் வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு முழங்கால்களும் லேசாகத் தொடும்படி நேராக நில். கணுக்கால்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விழுந்தால் அதையும் காட்டு. இவை சந்தேகத்தை எழுப்புவதற்கு மட்டும்தான் உதவும். தகுதி உண்டா இல்லையா என்பதை ராணுவ மருத்துவர்தான் முடிவு செய்வார். அரசு மருத்துவமனையில் "ஒன்றுமில்லை" என்று சொன்னவன் முகாமில் தள்ளப்பட்டதும் உண்டு. முகாமில் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதப்பட்டவன் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குப் போய்த் தேறியதும் உண்டு. சிறிய அறுவையில் சரியாகும் குறையாக இருந்தால் இப்போதே செய்துகொண்டால் ஆறுவதற்கு உனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

உயரம் 167 என்கிறாய். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு ஜி.டி. பிரிவில் 166 கேட்கிறார்கள். மார்பளவு 77 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். உன் வயதில் இன்னும் வளர்வாய், கவலை வேண்டாம். உயரம் கூட்டும் பொடி, மாத்திரை என்று விற்கிறவர்களிடம் மட்டும் போகாதே.

அடுத்தது காகிதங்கள். இதைப் படித்ததும் சலிப்பாக இருக்கும், ஆனால் நம் ஊர்ப் பையன்கள் மெடிக்கலுக்கு அடுத்தபடி அதிகம் அடிபடுவது இங்கேதான். வடக்கில் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு முன்னெழுத்துதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பாவின் பெயர் ஓர் இடத்தில் 'ஏழுமலை', ஓர் இடத்தில் 'எழுமலை' என்று ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்தில் இருக்கும். பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருந்தால்கூடப் போச்சு. விண்ணப்பத்தில் எல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். ஆகவே அதை அளவுகோலாக வைத்து மற்றவற்றைத் திருத்து. ஆதார் திருத்தம் ஆதார் மையத்தில் நடக்கும். பிறப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். மதிப்பெண் பட்டியலிலேயே பிழை இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நன்னடத்தைச் சான்றிதழும் திருமணமாகாதவர் என்ற சான்றிதழும் முகாம் நெருங்கும்போது வாங்கினால் போதும், முன்கூட்டியே வாங்கினால் காலாவதியாகிவிடும். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் உன் வீட்டில் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதே. "உள்ளே ஆள் இருக்கிறது, வேலை முடிந்த பிறகு பணம் கொடு, அதுவரை சான்றிதழ் என்னிடம் இருக்கட்டும்" என்று ஒருவன் உன் ஊருக்கும் வருவான். அவன் நூறு பையன்களிடம் வாங்குகிறான், அதில் சிலர் தம் சொந்தத் திறமையில் தேறுகிறார்கள், அவர்களிடம் தான்தான் வாங்கிக்கொடுத்ததாகச் சொல்லிப் பணம் பறிக்கிறான். தேறாதவன் சான்றிதழுக்காக அவன் பின்னால் அலைகிறான். தேர்வுக்கு நீ கட்ட வேண்டியது பதிவுக் கட்டணம் மட்டும்தான். தேர்வு கணினிக்கு மாறியபோது அது 250 ரூபாயாக இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கிறவனும் ஏமாற்றுக்காரன்.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.டி. பிரிவுக்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். சரியான விடைக்கு 2, தவறுக்கு அரை மதிப்பெண் போகும். தேற 35 வேண்டும் என்றாலும், தரவரிசையில் மேலே வராமல் 35 வாங்கிப் பயனில்லை. 2025 முதல் தமிழிலும் எழுதலாம். இது நம் பையன்களுக்குப் பெரிய வரம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான நம் அரசுப் பாடநூல்களின் அறிவியல், கணிதம் இரண்டையும் முழுமையாகப் போட்டுப் பார்த்தவனுக்குக் கேள்விகள் அந்நியமாக இருக்காது. பொது அறிவுக்கு நாளிதழ் போதும். கணினியில் சுட்டியைப் பிடித்துப் பழகாத பையன் தெரிந்த விடையையும் தவறாக அழுத்திவிட்டு வருகிறான். பள்ளிக் கணினி அறையில் வாரம் ஒரு நாளாவது உட்கார். உன் பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர்ந்துவிடு, சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு.

கடைசியாக மைதானத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 5 நிமிடம் 45 வினாடிக்குள் என்றால் 48. அதற்கு மேல் போகப் போக மதிப்பெண் சரியும். பீமில் பத்து எடுத்தால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும் வளைந்து செல்லும் கட்டையில் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை. 5.30 என்பது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு எண்பத்திரண்டரை வினாடி, அப்படி நான்கு சுற்று. நீ இன்று 105 வினாடியில் சுற்றுகிறாய். சுற்றுக்கு இருபத்திரண்டரை வினாடி குறைக்க வேண்டும். ஒன்றரை ஆண்டில் பெரும்பாலான ஆரோக்கியமான பையன்களால் அது முடியும். ஆறு வாரத்தில் குறைக்கப் பார்ப்பவன்தான் முன்கால் எலும்பைக் கெடுத்துக்கொள்கிறான்.

முதல் மூன்று மாதம் வேகத்தை மறந்துவிடு. வாரத்தில் நான்கு நாள், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடு. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். இருபது நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல நாற்பது நிமிடத்துக்கு வா. நடுவே உள்ள நாள்கள் ஓய்வுக்கு. ஓய்வு நாளில்தான் எலும்பும் தசையும் தம்மைக் கட்டிக்கொள்கின்றன. உன் வயதில் எலும்பின் வளர்ச்சி முனைகள் இன்னும் மூடவில்லை, தினமும் இரண்டு வேளை ஓடச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான்காவது மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேக ஓட்டம்: முதலில் 98 வினாடியில் நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நடை. நான்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். முதல் சுற்றில் 85, கடைசியில் 110 என்று வந்தால் அது பயிற்சியே இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று வினாடி குறைந்தால் போதும். முழு 1.6 கிலோமீட்டரை நேரம் பார்த்து ஓடுவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் நேரம் பார்த்து ஓடுகிறவன் தினமும் பரீட்சை எழுதுகிறான், படிப்பதே இல்லை.

முன்காலில் வலி வந்தால் கவனி. தசை முழுக்க இழுப்பது போல் இருந்து, ஓய்வில் தணிந்தால் சில நாள் ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகும். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீரென்று வலித்து, இரவிலும் வலித்தால் அது எலும்பில் விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போ. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும், கடையில் விற்கும் ஊசி, பொடி எடுத்துக்கொள்வதும் என் மைதானத்தில் கிடையாது. கேழ்வரகுக் கூழ், முட்டை, வேர்க்கடலை, சுண்டல், கிடைத்தபோது மீன், எட்டு மணி நேரத் தூக்கம் — நான் பார்த்த நல்ல ஓட்டக்காரர்கள் பெரும்பாலோர் இதில் வளர்ந்தவர்கள்தாம். காலை நான்கு மணிக்கு எழுந்து இருட்டில் தேசிய நெடுஞ்சாலையில் ஓடாதே என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மைதானம் இல்லாவிட்டால் ஏரிக்கரை. தார் ரோட்டை விட மண் உன் காலுக்கும் நல்லது.

பீமில் ஒன்றுகூட வரவில்லை என்றால் தொங்குவதில் தொடங்கு. அரை நிமிடம் அசையாமல் தொங்க வந்த பிறகு, ஒரு கல்லின் மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்கு. இதை நாளுக்கு ஐந்தாறு முறை, வாரம் மூன்று நாள் செய்தால் சில வாரங்களில் முதல் பீம் வந்துவிடும். உடம்பை ஆட்டி, காலை உதைத்து எடுக்கப் பழகாதே. முகாமில் அதை எண்ணமாட்டார்கள், கையும் சோர்ந்துபோகும். முகாமில் கூட்டமாகத்தான் ஓட விடுவார்கள், முதல் நூறு மீட்டரில் முழங்கை இடிக்கும், காலை மிதிப்பார்கள். அங்கே பதறி முன்னால் பாய்ந்தவன் மூன்றாவது சுற்றில் நின்றுவிடுவான். ஆகவே தனியாக மட்டும் ஓடாமல் பத்துப் பேரோடு ஓடிப் பழகு.

அப்பாவைப் பற்றி. அவர் வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் என்று நீ எழுதவில்லை. 18 வயது நிரம்பாதவன் சேர வேண்டுமென்றால் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும், ஆகவே அவரைத் தாண்டிப் போக வழியில்லை. அவரிடம் உண்மையான எண்களை வைத்துப் பேசு. பணி நான்கு ஆண்டு. 2022இல் அறிவித்தபடி முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய், கையில் வருவது 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கையில் 28,000. பிடித்தம் செய்ததற்கு ஈடாக அரசும் போட்டு, முடியும்போது வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் சேவை நிதியாக, வருமான வரியில்லாமல் வரும். ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. பணிக்காலத்துக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. நான்கு ஆண்டு முடியும்போது அதிகபட்சம் நான்கில் ஒருவரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். நான்கு ஆண்டும் திருமணம் செய்துகொள்ளக்கூடாது. இவை உறுதியாக எழுதப்பட்டவை.

உறுதியில்லாதது என்னவென்றால், அந்த நான்கில் ஒருவனாக நீ இருப்பாயா என்பது. மற்ற மூவருக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்சிலும் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். ஆனால் முதல் அணி பயிற்சிக்குப் போனதே 2022 டிசம்பர் கடைசி, 2023 ஜனவரி வாக்கில்தான். வாக்குறுதிகள் ஊர்ப் பையன் கையில் வேலையாக எப்படி வந்து சேர்கின்றன என்பதை, ஓர் அணிக்குப் பின் ஓர் அணியாகச் சில ஆண்டுகள் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் ஓய்வூதியம் வாங்கும் பழைய முறையில் வந்தவன். என் வாழ்க்கையைக் காட்டி உனக்கும் அப்படியே நடக்கும் என்று சொன்னால் அது பொய். பிளஸ் டூ சான்றிதழ் கையில் இருக்கிற 22 வயதுக்காரனுக்கும் இல்லாதவனுக்கும் வித்தியாசம் அந்த நாளில்தான் தெரியும். உன் அப்பாவின் பயம் அதுவாக இருந்தால் அவர் பயப்படுவது நியாயம்.

அவருடைய பயம் உயிரைப் பற்றியது என்றால், அதை லேசாக்கிப் பேசாதே. இது சாகக்கூடிய வேலை. நான் தோள் கொடுத்துத் தூக்கியவர்களில் என்னைவிட இளையவர்கள் இருந்தார்கள். 18 வயது நிரம்பாதவர்களைக் களப்பகுதிக்கு அனுப்புவதில்லை என்று இந்தியா 2005இல் ஐ.நா. உடன்படிக்கை ஒன்றை ஏற்றபோது எழுதிக் கொடுத்திருக்கிறது. அது சேர்ந்த முதல் மாதங்களைப் பற்றிய உறுதிமொழி. அதற்குப் பிறகு எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். சீருடை பிடித்திருக்கிறது, ஊரில் மரியாதை கிடைக்கும் என்பது மட்டும் காரணமாக இருந்தால், பனியில் இரவுக் காவல் நிற்கும்போது அந்தக் காரணம் போதாது. நீ ஏன் போக விரும்புகிறாய் என்று உன் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. எனக்குச் சொல்ல வேண்டாம், அப்பாவிடம் சொல்.

இன்னொரு வாசலும் இருக்கிறது, அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே தேசியப் பாதுகாப்பு அகாடமி என்னும் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது, பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை. தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுகள் பட்டப்படிப்போடு பயிற்சி, பிறகு அந்தந்தப் படையின் அகாடமியில் மேற்பயிற்சி, அதற்குப் பின் அதிகாரி. கணிதத் தாள் 300, பொதுத் திறன் தாள் 600, அதற்குப் பின் ஐந்து நாள் நேர்காணல் 900 மதிப்பெண். தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ படித்திருந்தாலும் போதும். கடற்படை, விமானப்படைக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே, தமிழ்வழிப் பையனுக்கு அது ஏற்றமான மலைதான், மறைக்கமாட்டேன். ஆனால் ஏறிய பையன்கள் இருக்கிறார்கள். கட்டாயம் எழுதிப் பார். அதற்காகப் படித்த கணிதம் அக்னிவீர் தேர்வில் வீணாகாது. அங்கே சேர ஆசைப்படும் தங்கை யாராவது இதைப் படித்தால், 2022 முதல் பெண்களையும் எடுக்கிறார்கள், 2025 மே மாதம் முதல் பெண்கள் அணி வெளியே வந்துவிட்டது. அக்னிவீரில் பெண்களுக்கு ராணுவக் காவல் பிரிவு உண்டு.

ஒரு சிறு விஷயம் விட்டுப்போயிற்று. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்துக்கே நீ போனாலும், "வீர மதராசி, அடி கொல்லு" என்ற முழக்கம் நம் மொழியில் கேட்கும், அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில்தான் வரும். முதல் மாதம் நம் பையன்கள் அழுவது ஓட்டத்தால் அல்ல, என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல்தான். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி எளிய இந்தி கேட்டுப் பழகிக்கொள்.

அகாடமியில் தங்குவதற்குக் கேட்ட பணத்தை அப்பாவிடமே இருக்க விடு. பள்ளிக்குப் போ, மாலையில் ஏரிக்கரையில் ஓடு. இந்த வாரம் கண் பிரிவுக்குப் போய் நிறப்பார்வை பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது, ஓட்ட அட்டவணையை அதற்குப் பிறகு உனக்கென்று போட்டுத் தருகிறேன். இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்.